மூன்று கையுள்ளவருக்கு ஊனச் சான்று கிடையாது

ஒரு தொழிலாளி எப்போது பிறக்கிறான் என்ற கேள்விக்கு வெகுகாலம் சரியான விடை இல்லாமல் இருந்தது. தாய் வயிற்றிலிருந்து வெளியே வந்தபோது என்று பாமர மக்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பின் கேட்டுக்குள் முதல் நாள் நுழைந்தபோது என்று முதலாளிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் முதல் தடியடி விழுந்தபோது என்று எங்கள் சங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் நினைத்ததும் தவறு என்பதை, வேலூரில் இருந்த தோல் பதனிடும் தொழிலாளர் நல அலுவலகம் எண்பத்தெட்டாம் ஆண்டில் ஐயத்திற்கிடமின்றி நிரூபித்தது. தொழிலாளியைக் கன்ஸ்ட்ரக்டர் கட்டுகிறது. கட்டுகிறபோது அவன் பிறக்கிறான். அதற்கு முன்னால் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அது அவனுடைய சொந்த விஷயம்.

அந்த வருஷம்தான் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மழை பெய்தால் அலுவலர் தலையிலேயே ஒழுகுகிற கட்டிடம் அது. குறைதீர்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கேட்டு நாங்கள் எத்தனையோ மனுக் கொடுத்திருந்தோம். நிதி இல்லை என்றார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி அறை, கண்ணாடிக் கதவு, குளிர் மெஷின், எல்லாம் ஒரே மாதத்தில் முளைத்தன. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மூலையில் எலுமிச்சம்பழம் வைத்துக் குங்குமம் தடவினார்கள். வாழ்நாள் முழுக்கச் சுண்ணாம்பில் வெந்த எங்கள் கால்களுக்கு முதல்முதலாகக் குளிர்ந்த தரை கிடைத்தது. அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

மெஷினை ஓட்டிக் காட்ட அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஜேக்கப் என்ற நிபுணர் வந்தார். வேலூரை ஒட்டிய பாகாயத்துப் பிள்ளைதான். ஆனால் ஊரைப் பற்றிப் பேசும்போது ரயிலில் கடந்துபோனவர் மாதிரி பேசுவார். துவக்க விழாவில் எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்.

"இது புது மாதிரி மொழி. இதில் முதலில் கிளாஸ். தொழிலாளி என்பது ஒரு கிளாஸ்."

எங்கள் சங்கத் தலைவர் மோசஸ் துள்ளி எழுந்தார். "இதைத்தான் நாங்க முப்பது வருஷமா சொல்றோம்!" என்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

ஜேக்கப் பொறுமையாகக் காத்திருந்தார். "கிளாஸ் வெறும் அச்சு. அச்சிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போதே அதன் கையில் பாராமீட்டர்களைக் கொடுத்துவிட வேண்டும். பெயர், தகப்பன் பெயர், வேலை, கைகளின் எண்ணிக்கை. நாலும் வரிசையாக வந்தால் ஆள் பிறப்பான். ஒன்று குறைந்தாலும் பிறக்கமாட்டான்."

"முதல்ல ஆளைப் பொறக்க வெச்சிட்டு, மத்ததை அப்புறமா எழுதிக்கக் கூடாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது பழைய முறை. அப்படிச் செய்தால் பெயரில்லாமல், தகப்பன் இல்லாமல் அரைகுறை ஆள் ஒருவன் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பான். பாராமீட்டரோடு கட்டினால் பிறக்கும்போதே முழு ஆளாகப் பிறப்பான். பிறகு அவனை யாரும் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது."

கைகளின் எண்ணிக்கையைச் சேர்க்கச் சொன்னது நல அலுவலர் சுந்தரமூர்த்தி. மெஷினில் கையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஊனச் சான்று தருவது அவருடைய அலுவலகத்தின் வேலை. இரண்டு கைக்குக் குறைவானவன் தொழிலாளியாகப் பிறக்கவே கூடாது என்று அவர் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே ஒரு காவல் போடச் சொன்னார். ஜேக்கப் போட்டார். இரண்டுக்குக் குறைந்தால் மெஷின் 'டிங்' என்று மணியடித்து மறுத்துவிடும்.

அந்த வாரத்திலிருந்து வேலூரில் பாராமீட்டர் என்ற சொல் பஸ் ஏறிப் பரவியது. அலுவலகப் பியூன் டீக்கடையில் போய், "ஒரு டீ, பாராமீட்டர் சர்க்கரை கம்மி" என்றார். கல்யாணத் தரகர்கள் பெண்ணின் பாராமீட்டர் கேட்டார்கள். சுந்தரமூர்த்தி, சம்சாரத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த காலையில்கூட, "வீட்ல பாராமீட்டர் சரியில்லப்பா" என்றாராம்.

இப்போது ஆம்பூருக்கு வருவோம். அங்கே ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் அந்தோணி, காசிநாதன் என்று இரண்டு பேர் வேலை செய்தார்கள். அந்தத் தொட்டியில் யாரும் தனியாக வேலை செய்ய முடியாது. ஊறிப்போன எருமைத் தோலை ஒரு ஆள் தூக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், ஆளுக்கொரு இடுக்கி. ஆகவே ஷாப்பில் ஆளை எண்ணும் வழக்கம் கிடையாது, ஜோடியைத்தான் எண்ணுவார்கள். இன்றைக்கு எத்தனை ஜோடி வந்தது, எந்த ஜோடி வரவில்லை என்பதுதான் பேச்சு. அந்தோணி மாதா கோயிலுக்குப் போகிறவர். காசிநாதன் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இருவருக்கும் லீவு. ஷாப்பைப் பொறுத்தவரை அவர்கள் ஒரே ஆள்தான். அதில் முதலாளிக்குச் சௌகரியம் இருந்தது. எங்களுக்கும் அதில் குற்றம் ஒன்றும் தெரிந்ததில்லை.

ஷாப்பின் கணக்கர் நிசார் அஹமது ஆட்களைப் பதிவு செய்ய வேலூருக்குப் போனார். நல்ல மனிதர், பொய் சொல்லாதவர். பொய் சொல்லியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

"அந்தோணி காசிநாதன்."

"தகப்பன் பேரு?"

"சின்னப்பன், முனிசாமி. ரெண்டு பேரு சார்."

"ரெண்டையும் சொல்லுங்க, எடம் ஜாஸ்தியா கீது. வேலை?"

"சுண்ணாம்புத் தொட்டி."

"கை எத்தனை?"

நிசார் அஹமது மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். "நாலு சார்."

ஆபரேட்டர் ஆச்சரியப்படவில்லை. அரசுப் பணியில் ஆச்சரியப்படுவதற்கு இடமில்லை. நாலைத் தட்டினார். கன்ஸ்ட்ரக்டர் தன் காவலைக் கேட்டது. நாலு இரண்டுக்குக் குறைவா? இல்லை. மணி அடிக்கவில்லை. இவ்வாறாக அந்தோணிகாசிநாதன் என்ற ஒரு தொழிலாளி இரண்டு தகப்பன்களுக்கு நான்கு கைகளோடு பிறந்தார். சுகப்பிரசவம்.

ஒரே ஒரு கார்டு வந்தது. ஒரு வாரம் அந்தோணி வைத்திருப்பார், ஒரு வாரம் காசிநாதன். அதிலும் யாருக்கும் குறை இல்லை.

அடுத்த மழைக்காலத்தில், தோலில் ஒட்டிய சதையைச் சீவும் மெஷின்காரன் வராத ஒருநாள், மேஸ்திரி அந்தோணியைக் கூப்பிட்டு அங்கே நிறுத்தினார். பழக்கமில்லாத மெஷின். உருளை தோலோடு சேர்த்து அந்தோணியின் வலது கையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இப்படிக் கை இழந்தவருக்கு ஷாப்பில் இலகு வேலை தர வேண்டும் என்று நாங்கள் எப்போதோ போராடி ஒப்பந்தம் போட்டிருந்தோம். கேட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வருகிற போகிற லாரியைப் பார்க்கிற வேலை. அந்த ஸ்டூல் அப்போது காலியாக இருந்தது. ஆனால் நல அலுவலகம் ஊனச் சான்று கொடுக்க வேண்டும். சான்று வந்தால் ஸ்டூல், வராவிட்டால் தெரு. அந்தோணிக்கு இருந்த வழி அவ்வளவுதான்.

அந்தோணி, அவர் மனைவி சவுரியம்மாள், காசிநாதன், தலைவர் மோசஸ், நான் எல்லோரும் வேலூருக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றோம். அந்தோணி கட்டுப் போட்ட கையை நீட்டினார்.

"கையக் காட்டாதப்பா, கார்டக் காட்டு" என்றார் சுந்தரமூர்த்தி.

கார்டைக் காட்டினோம். ஆபரேட்டர் விபத்தைப் பதிவு செய்து ஒரு கையைக் கழித்தார். திரையைப் பார்த்தார். "மிச்சம் மூணு இருக்குது சார்."

"மூணு இருக்குது. அப்புறம் எதுக்கு சான்று?"

சவுரியம்மாள் முன்னால் வந்தாள். "இன்னா சார் இது? கண்ணெதிருல நிக்கிறாரே. நீங்களே எண்ணிப் பாருங்க."

"எண்ணுற வேலைய மெஷின்கிட்ட குடுத்துட்டோம்மா. நாங்களும் எண்ணினா ரெண்டு கணக்கு ஆய்டும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நியாயமா யோசனை பண்ணிப் பாரு. எனக்கே ரெண்டு கைதான். ரெண்டு கைக்காரன் மூணு கைக்காரருக்கு ஊனச் சான்று எழுதிக் குடுத்தா ஆடிட்ல இன்னா கேப்பாங்க? அவரோட ஒப்பிட்டா நான்தான் ஊனம்."

"சார், அதுல ரெண்டு என் கை சார்" என்றார் காசிநாதன்.

"நீ யாரு?"

"காசிநாதன் சார்."

சுந்தரமூர்த்தி ஆபரேட்டரைப் பார்த்தார். ஆபரேட்டர் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தனியா காசிநாதன்னு யாரும் பொறக்கல சார்."

"கேட்டியா? பொறக்காதவன் எல்லாம் உள்ள வந்து பேசக் கூடாது. வெளிய நில்லுப்பா."

காசிநாதன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றார். அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தலைவர் மோசஸ் தொண்டையைக் கனைத்தார். "பேரைத் திருத்தி ரெண்டு பேராப் பிரிச்சிடுங்க."

"பொறக்கும்போது குடுத்த பாராமீட்டர் குடுத்ததுதான். மாத்த முடியாது. கையக்கூட கழிக்க மட்டும்தான் வழி வெச்சிருக்காங்க, கூட்ட வழியில்ல. எங்கேயாச்சும் கை மொளைக்குமா? வேணும்னா அந்தோணின்னு புதுசா ஒரு ஆளைக் கட்டிப் பாக்கலாம்."

ஆபரேட்டர் தட்டினார். பெயர் அந்தோணி. தகப்பன் பெயர் சின்னப்பன். வேலை சுண்ணாம்புத் தொட்டி. கை ஒன்று. 'டிங்' என்றது மெஷின்.

"ஒத்தைக் கையோட தொழிலாளி பொறக்க முடியாதாம்" என்றார் ஆபரேட்டர்.

அப்போது சவுரியம்மாள் ஒரு யோசனை சொன்னாள். "ரெண்டு கையோடவே பொறக்க வைங்க சார். அப்புறமா ஒண்ணைக் கழிச்சிடுங்க."

அலுவலர் முகத்தில் முதல்முறையாக இரக்கம் தெரிந்தது. "கழிக்கணும்னா விபத்து நடக்கணும்மா. நடந்த விபத்து பழைய ஆள் கணக்குல ஏறிப்போச்சு. புது ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே. அவரு மறுபடியும் மெஷின்ல கைய வுட்டாருன்னா சொல்லுங்க, அன்னிக்கே கழிச்சிக் குடுக்கறேன். லேட் பண்ண மாட்டேன்."

அந்தோணி தன் இடது கையை முன்னால் நீட்டினார். "மிச்சம் இருக்கறது இடது கை சார். அதையும் வுட்டா ஸ்டூல்ல ஏறி உக்காரக்கூட பிடிமானம் இருக்காது" என்றார். சிரித்தமாதிரிதான் சொன்னார். ஆபரேட்டர் மட்டும் குனிந்துகொண்டார்.

நாங்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை, போராட்டத்தோடு திரும்பினோம். எங்கள் சங்கம் இப்படிப்பட்ட அநீதிக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. நோட்டீசு எழுதினோம். சுவரெங்கும் எழுதினோம். நல அலுவலகத்தின் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். முதல் நாள் கோஷம் 'அந்தோணியின் கையை எண்ணு!' என்பதுதான். இரண்டாம் நாள் தலைவர், தனிமனிதப் பிரச்சினையை இயக்கப் பிரச்சினையாக உயர்த்த வேண்டும் என்றார். உயர்த்தினோம். 'ஒருவருக்கு ஒரு கன்ஸ்ட்ரக்டர்!' 'பாராமீட்டர் எங்கள் பிறப்புரிமை!' ஊர்வலத்தில் அந்தச் சொற்களை முழங்கியபோது எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. பாதிப்பேருக்கு அர்த்தம் தெரியாது. சிலிர்ப்புக்கு அர்த்தம் தேவையில்லை. கோரிக்கைப் பட்டியல் நீண்டுகொண்டே போய், அந்தோணியின் கை கடைசியில் 'இன்ன பிற' என்பதற்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அரசு பணிந்தது. ஜேக்கப்பை மெட்ராசிலிருந்து வரவழைத்தார்கள். அவர் பார்த்த உடனே கண்டுபிடித்தார்.

"குறையக் கூடாது என்றுதான் காவல் போட்டேன். கூடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே" என்றார். "பரவாயில்லை. ஒரு கிளாசுக்கு எத்தனை கன்ஸ்ட்ரக்டர் வேண்டுமானாலும் இருக்கலாம். பாராமீட்டர்கள் வேறு வேறாக இருந்தால் போதும். பெயர், தகப்பன், வேலை மூன்றை மட்டும் கேட்கிற ஒன்று எழுதுகிறேன். கை எத்தனை என்று கேட்காது. சொல்லாவிட்டால் இரண்டு என்று அதுவே வைத்துக்கொள்ளும்."

"ஜோடிய எப்படிப் பிரிக்கறது?" என்றார் சுந்தரமூர்த்தி. "ரெண்டு பேரையும் அப்படியே கட்டினா மூணு கை நாலாய்டும். மாவட்டத்தோட மொத்தக் கைக் கணக்கு மேலிடத்துக்குப் போயாச்சு. ஒரு கை கூடினாலும் நான்தான் பதில் சொல்லணும்."

"அப்படியென்றால் ஒருவரைப் புதிதாகக் கட்டுவோம். அடுத்தவருக்குப் பழைய ஜோடியையே பாராமீட்டராகக் கொடுக்கிற கன்ஸ்ட்ரக்டர். மிச்சமிருப்பதெல்லாம் அவருக்கு. கணக்கு சரியாக இருக்கும்."

"யாரை முதல்ல கட்டறது?"

அலுவலகத்தில் எது முதல் என்பதற்கு ஒரே ஒரு நெறிதான் உண்டு, அகர வரிசை. அந்தோணி முதலில் பிறந்தார். கை எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் இரண்டு என்று வைத்துக்கொண்டது. மூன்றில் இரண்டு போக மிச்சம் ஒன்று. அது காசிநாதனுக்கு. அவர் புதிதாய்ப் பிறந்தவர் அல்ல, பழையதன் மிச்சம் என்பதால் காவல் மணியும் அடிக்கவில்லை.

மொத்தக் கைகள் மூன்று. ஒத்துப்போயிற்று. சுந்தரமூர்த்தி நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றிருந்த காசிநாதனுக்கு அன்றைக்கே, கேட்காமலே, ஊனச் சான்று வழங்கப்பட்டது.

நாங்கள் பட்டாசு வெடித்தோம். தனிக் கார்டு, தனிப் பிறப்பு! ஆம்பூர் ஸ்டேஷன் ரோடு முழுக்கச் சிவப்புத் தாளில் போஸ்டர் ஒட்டினோம்.

அந்தோணி தன் கார்டை எடுத்துக்கொண்டு நிசார் அஹமதுவிடம் போனார்.

"பாய், ஸ்டூலு காலியாத்தானே கீது?"

"எனக்குத் தெரியாதாப்பா? நான் பாத்துக்கினுதானே இருக்கேன். ஆனா மொதலாளி கார்டைத்தான் பாக்கறாரு. உன் கார்டுல ரெண்டு கை. ஸ்டூலு காசிநாதனுக்குப் போய்ட்டுது. ரொம்ப பேஜாராப் போச்சுப்பா."

காசிநாதன் ஸ்டூலில் உட்கார மாட்டேன் என்றார். தொட்டிக்கே போய் நின்றார். ஒற்றைக் கைத் தொழிலாளியைத் தொட்டியில் இறக்குவது பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று மேஸ்திரி அவரைத் தூக்கிக்கொண்டுவந்து கேட்டில் உட்காரவைத்தார். காசிநாதன் வேலூருக்குப் போய், "எனக்கு ரெண்டு கையும் இருக்குது சார்" என்று முறையிட்டார். "அரசாங்கச் சான்று பொய்யின்னு சொல்றியா? கேஸ் ஆய்டும்பா" என்றார் சுந்தரமூர்த்தி. அன்பாகத்தான் சொன்னார்.

அந்தோணி புது ஜோடியோடு தொட்டியில் நின்றார். இடது கையால் இடுக்கி பிடித்தார். தோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிர்ப்பக்கத்து ஆள் முதலில் பொறுத்தான், பிறகு திட்டினான், பிறகு வேறு ஜோடி கேட்டான். சில நாளில் நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்தது. வாசகம் இது: 'தங்களுக்கு இரண்டு கைகள் உள்ளதாக அரசு அட்டையில் தெளிவாக இருந்தும், தாங்கள் தொடர்ந்து ஒரு கையை மட்டுமே பணிக்குக் கொண்டுவந்து, மற்றொரு கையை நிர்வாகத்தின் அனுமதியின்றி வேறிடத்தில் வைத்திருப்பது கடுமையான ஒழுங்கீனமாகக் கருதப்படுகிறது. அக்கையோடு உடனே பணிக்கு வரத் தவறினால்...'

அந்தோணியால் அக்கையோடு வர முடியவில்லை. வேலை போயிற்று. கடைசி நாள் அவர் கேட்டைத் தாண்டும்போது ஸ்டூலில் இருந்த காசிநாதன் எழுந்து நின்றார். "இன்னாடா எழுந்துக்கினே? உக்காருடா. ஒருத்தனாச்சும் உக்காரட்டும்" என்றார் அந்தோணி.

சங்கத்தின் வெற்றி விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மைதானம் நிறையக் கூட்டம். கை இழந்த தொழிலாளிக்குப் போராடிச் சான்றும் வேலையும் வாங்கிக் கொடுத்த சங்கம் என்று பேனரில் எழுதியிருந்தோம். தலைவர் மோசஸ் ஒலிபெருக்கியில் முழங்கினார்.

"நம் போராட்டத்தால் ஊனச் சான்று பெற்ற தோழர் காசிநாதன் அவர்களுக்கு இந்த மாலையை அணிவிக்கிறேன்!"

பெண்கள் வரிசையின் ஓரத்தில் சவுரியம்மாள் எழுந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அந்தோணியின் சட்டைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். அதன் நுனி வெறும் துணியாகத் தொங்கியது.

"ஐயா, கை போனது எம் புருஷனுக்கு! இதோ கீறாரு! காசிநாதனுக்கு ரெண்டும் நல்லாத்தான் கீது!"

கூட்டம் ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு மேடையைப் பார்த்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன். பேனரில் திருத்த இடமில்லை.

"தோழியரே, உங்கள் உணர்ச்சியை மதிக்கிறோம்" என்றார் தலைவர். "ஆனால் ரத்தம் சிந்திப் பெற்ற வெற்றியை யாரும் கொச்சைப்படுத்தக் கூடாது. தொண்டர்கள் அவங்களை உட்கார வையுங்க."

உட்கார வைத்தார்கள். காசிநாதனை இரண்டு பக்கமும் பிடித்து மேடைக்கு இழுத்தார்கள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். "வேணாண்ணே, விட்டுடுங்கண்ணே, பாவம் வேணாண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். மாலை கழுத்தில் விழுந்ததும் கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பித் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"பாருங்கள் இந்த அடக்கத்தை!" என்றார் தலைவர்.

அந்தப் போன கையை நினைத்து மைதானம் முழுவதும் கண்ணீர் விட்டது.